ஜுராசிக் பார்க்கை மறுபடியும் பார்ப்பது எப்படி?

சிறுவயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த ஒரு படத்தைப் பல ஆண்டுகள் கழித்துப் பார்க்க உட்காருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நேர்கிறது. சிலர் பழைய நாள்களின் மயக்கத்தில் திரையில் ஓடுவதை விட்டுவிட்டுத் தங்கள் சிறுவயதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வேறு சிலர், தாங்கள் வளர்ந்துவிட்டதை நிரூபிக்க வேண்டும் என்பதுபோல், காட்சிக்குக் காட்சி குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இரு சாராருக்கும் படம் கண்ணில் படாமலே போகிறது. ஒரு படம் அந்த வயதில் நம்மை எப்படி அந்த அளவுக்கு ஆட்டிவைத்தது என்பதை அதன் வேலைப்பாட்டிலேயே தேடிப் பார்ப்பதுதான் உருப்படியான ரசனை என்று நான் நினைக்கிறேன். அப்படித் தேடுவதற்கு, ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1993 ஜூனில் வெளியான ‘ஜுராசிக் பார்க்’ போல இடம் கொடுக்கும் அறிவியல் புனைகதைப் படங்கள் குறைவு.

அழிந்துபோன டைனோசர்களை மறுபடியும் உருவாக்கி ஒரு தீவுப் பூங்காவில் காட்ட முயல, அது கைமீறிப்போகும் கதை அது. படத்தின் நீளம் 127 நிமிடங்கள். அதில் டைனோசர்கள் திரையில் தெரியும் நேரத்தை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 15 நிமிடங்கள்தான் வரும். அந்த 15 நிமிடங்களிலும் கணினியில் உருவாக்கப்பட்டவை சுமார் 6 நிமிடங்கள். மற்றவை ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் செய்யப்பட்ட இயந்திர உருவங்கள். ஆனால் சிறுவயதில் இதைப் பார்த்த யாரைக் கேட்டாலும், படம் முழுக்க டைனோசர் துரத்திக்கொண்டே இருந்ததாகத்தான் சொல்வார்கள். 15 நிமிடம் எப்படி இரண்டு மணி நேரமாக நினைவில் ஊதிப் பெருத்தது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை அணுகுவதே இந்த வழிகாட்டியின் முறை.

உட்காருவதற்கு முன்

படத்தைப் போடுவதற்கு முந்தைய நாளே ஒரு தாளில், உங்களுக்கு நினைவிருக்கும் காட்சிகளை வரிசைப்படி எழுதிவிடுங்கள். யார் யார் சாகிறார்கள், டி-ரெக்ஸ் முதலில் எப்போது வருகிறது, சமையலறையில் என்ன நடக்கிறது, படம் எப்படி முடிகிறது என்ற அளவுக்கு எழுதினால் போதும். பெயர்கள் நினைவில்லாவிட்டால் ‘தொப்பிக்காரர்’, ‘குண்டு ஆள்’ என்றே எழுதலாம். இணையத்தில் கதைச்சுருக்கத்தைப் புரட்டிப் பார்த்துச் சரிசெய்துவிடாதீர்கள். தாளில் தவறாக இருப்பவைதான் பிறகு மிகவும் பயன்படும். ஏனென்றால் படம் காட்டாத எதை உங்கள் கற்பனை சேர்த்துக்கொண்டது என்பதை அவைதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து, எந்தப் பிரதியைப் பார்ப்பது என்ற கேள்வி. நம்மில் பலருக்கு இந்தப் படம் தொலைக்காட்சி வழியாக, தமிழ்க் குரல்களோடு, விளம்பரங்களுக்கு நடுவே வந்து சேர்ந்தது. தமிழ் டப்பிங்குக்கு என்று ஒரு தனிச் சுவை உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். இருந்தாலும் இந்த முறை மூல ஒலியோடும், தேவைப்பட்டால் எழுத்துத் துணையோடும் பாருங்கள். டப்பிங் செய்யும்போது வசனத்தோடு சேர்ந்து பின்னணி ஒலிகளின் அளவும் சில இடங்களில் மாறிப்போவதுண்டு. இந்தப் படத்தில் ஒலியின் பங்கு பாதிக்குப் பாதி. 2013-இல் முப்பரிமாணத்தில் மாற்றி வெளியிட்ட வடிவத்தை முதல் பார்வைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பழைய பெட்டித் தொலைக்காட்சியில் இரண்டு ஓரங்களும் வெட்டப்பட்டுப் பார்த்தவர்கள், இப்போது 1.85:1 என்ற மூல அளவில் பார்க்கும்போது சட்டகத்தின் ஓரங்களில் யார் நிற்கிறார்கள், யார் யாருடைய முகத்தைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. கைப்பேசித் திரையில் பார்ப்பதாக இருந்தால் பார்க்காமலே இருந்துவிடலாம்.

முதல் பார்வையில் எதைக் கவனிப்பது

முதல் முறை எங்கும் நிறுத்தாதீர்கள், பின்னோக்கி ஓட்டாதீர்கள், குறிப்பும் எடுக்காதீர்கள். மனத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு விலங்கு திரையில் வருவதற்கு முன் அதைப் பற்றி நமக்கு என்னென்ன சொல்லப்பட்டுவிட்டது என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

படத்தின் முதல் காட்சியில் இருளில் ஒரு கூண்டு வருகிறது. உள்ளே இருப்பதை நாம் பார்ப்பதில்லை. மரங்கள் அசைகின்றன, ஆட்கள் துப்பாக்கியோடு காத்திருக்கிறார்கள், ஓர் ஆள் உள்ளே இழுக்கப்படுகிறான், ஒரு கண் மட்டும் மின்னி மறைகிறது. பிறகு மொன்டானா பாலைநிலத்தில் ஆய்வாளர் ஆலன் கிராண்ட், தன்னை எரிச்சலூட்டிய ஒரு சிறுவனுக்கு, ராப்டர் என்ற வேட்டை டைனோசர் எப்படி இரையைப் பிடிக்கும் என்பதைக் கையில் ஒரு நகத்தை வைத்துக்கொண்டு விளக்குகிறார். முன்னால் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து மற்றவை பாயும் என்கிறார். பின்னர் தீவில், ஒரு மாட்டைக் கயிற்றில் கட்டி ராப்டர் பட்டிக்குள் இறக்குகிறார்கள். அசையும் இலைகளும் சத்தமும் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன, பிய்ந்துபோன கச்சை மட்டும் மேலே வருகிறது. இவ்வளவும் நடந்து முடியும்வரை, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சைத் தவிர, வளர்ந்த ராப்டர் ஒன்றைக்கூட நாம் முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். படத்தின் பின்பகுதியில் அது உண்மையில் வரும்போது பயத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே நமக்குள் தயாராக இருக்கிறது. கிராண்ட் அந்தச் சிறுவனிடம் சொன்ன பக்கவாட்டுத் தாக்குதல்தான் பின்னால் வேட்டைக்காரர் மல்டூனைக் கொல்கிறது என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

பிராக்கியோசாரஸ் வரும் காட்சியிலும் இதே கணக்குதான். ஏறத்தாழ இருபதாவது நிமிடத்தில் ஜீப் நிற்கிறது. கிராண்ட் எழுந்து நிற்கிறார், தொப்பியைக் கழற்றுகிறார், கறுப்புக் கண்ணாடியைத் தட்டுத்தடுமாறி எடுக்கிறார். பக்கத்தில் அவருடைய சக ஆய்வாளர் எல்லி, அழிந்துபோன ஒரு தாவரத்தின் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, கிராண்ட் கையை நீட்டி அவள் தலையைப் பிடித்துத் திருப்புகிறார். அவளும் எழுகிறாள். இரண்டு முகங்களையும் பார்த்து முடித்த பிறகுதான் கேமரா விலங்கைக் காட்டுகிறது. வியப்பு முதலில் மனித முகத்திலிருந்து நமக்குத் தொற்றிக்கொள்கிறது. பிற்காலத்தில் வந்த எத்தனையோ படங்கள் இதைவிடப் பெரிய விலங்குகளைக் காட்டியிருந்தும் ஏன் மனத்தில் ஒட்டவில்லை என்பதற்கு இந்த வரிசை ஒரு நல்ல பதில்.

டி-ரெக்ஸ் காட்சியைப் பிரித்துப் பார்த்தல்

இரண்டாவது பார்வைக்கு முழுப் படமும் தேவையில்லை. ஒரு மணி நேரம் கழிந்த பிறகு வரும் மழைக்காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இந்தப் படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தச் சில நிமிடங்களுக்குள்ளேயே இருக்கிறது.

மின்சாரம் நின்றுவிட்டது, இரண்டு கார்களும் வேலிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கின்றன. முன்காரின் டாஷ்போர்டில் இரண்டு பிளாஸ்டிக் குவளைகளில் தண்ணீர். அதன் மேற்பரப்பில் வட்ட வட்டமாக அலை எழுகிறது, அடங்குகிறது, மறுபடியும் எழுகிறது. கார் ஒலிபெருக்கியின் அதிர்வில் கண்ணாடி நடுங்குவதைக் கண்டு ஸ்பீல்பெர்க்குக்கு இந்த யோசனை தோன்றியது. சிறப்பு விளைவுகளுக்குப் பொறுப்பான மைக்கேல் லான்டியேரிக்கு இதைச் செய்துகாட்டுவது பெரும் தலைவலியாக இருந்தது. எப்படித் தட்டினாலும் தண்ணீர் கலங்கியதே தவிர, நடுவிலிருந்து விரியும் வட்டங்கள் கிடைக்கவில்லை. கடைசியில் கிதாரின் மேல் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்துத் தந்தியை மீட்டியபோதுதான் வழி பிறந்தது. படப்பிடிப்பில் காருக்கு அடியில் தந்தி ஒன்றைக் கட்டி, ஓர் ஆள் கீழே படுத்துக்கொண்டு அதை மீட்டினார். பல டன் எடையுள்ள விலங்கின் வருகையை உலகம் முழுவதும் நம்பவைத்தது அந்த ஒற்றைத் தந்தி.

அடுத்து, வேலிக்கு உள்ளே கட்டியிருந்த ஆடு எங்கே என்று முன்காரில் இருக்கும் சிறுமி கேட்கிறாள். பதிலாக அதன் கால் ஒன்று காரின் கண்ணாடிக் கூரையில் வந்து விழுகிறது. விலங்கின் முன்னங்கை மின்வேலியின் கம்பியைத் தொடுகிறது; தொட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பதால், மின்சாரம் இல்லை என்பதை வசனமே இல்லாமல் நாம் புரிந்துகொள்கிறோம். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. இவ்வளவுக்கும் பிறகுதான் அது முழு உருவத்தோடு இரண்டு கார்களுக்கும் நடுவில் வந்து நின்று கர்ஜிக்கிறது.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, எது கணினி, எது இயந்திரம் என்று பிரித்துப் பாருங்கள். பொதுவாக, தலை முதல் வால்வரை முழு உடலும் நடந்து தெரிந்தால் அது இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தின் கணினி உருவம். தலை மட்டும் கார் சன்னலோரம் குனிந்தால் அது வின்ஸ்டன் பட்டறையின் 40 அடி நீள இயந்திரம். சிறுமி கைவிளக்கை அடிக்கும்போது அந்தக் கண்ணின் பாவை சுருங்குவதைக் கவனியுங்கள். ரப்பருக்கும் இயந்திரத்துக்கும் உயிர் வருவது அந்த ஒரு நொடியில்தான். இயந்திரத்தின் நுரைத் தோல் செயற்கை மழையை உறிஞ்சிக் கனத்துப்போய், எடை கூடி நடுங்கத் தொடங்கியதால், படப்பிடிப்பின் இடையிடையே அதை உலர்த்த வேண்டியிருந்தது. இந்தச் சங்கடங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. இரவும் மழையும் கணினி உருவத்தின் குறைகளை மறைத்தன. ஈரத்தோலில் விழும் ஒளி அதற்குக் கனத்தைக் கொடுத்தது. கணினியையும் இயந்திரத்தையும் மாற்றி மாற்றி வெட்டியதால் நம் கண்ணுக்கு எதிலும் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்தக் காட்சி நிற்பதற்குக் காரணம் இந்தக் கலப்புதான். பட்டப்பகலில் முழுக்கக் கணினியில் வரும் பிராக்கியோசாரஸைத்தான் வயது தொட்டிருக்கிறது.

இதற்குப் பின்னால் இருக்கும் கதையையும் அறிந்துகொண்டால் ரசனை கூடும். முதலில் முழு உருவக் காட்சிகளை, பொம்மைகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படமெடுக்கும் முறையில்தான் எடுப்பதாக இருந்தது. அதில் கைதேர்ந்தவரான ஃபில் டிப்பெட் அமர்த்தப்பட்டிருந்தார். அந்த நிலையில், இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் டென்னிஸ் முரனின் குழுவில் இருந்த ஸ்டீவ் வில்லியம்ஸ் போன்ற இளைஞர்கள் டி-ரெக்ஸின் எலும்புக்கூடு ஒன்றைக் கணினியில் நடக்கவிட்டுக் காட்டினார்கள். தாம் அழிந்துபோன இனமாகிவிட்டதாக டிப்பெட் சொன்னதை ஸ்பீல்பெர்க் படத்திலேயே ஒரு வசனமாக்கிவிட்டார். கிராண்டும் கணிதவியலாளர் மால்கமும் பேசிக்கொள்ளும் அந்த இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டிப்பெட்டை அவர்கள் அனுப்பிவிடவில்லை. விலங்குகளின் அசைவைக் கண்காணிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார்கள். மூட்டுகளில் உணர்கருவி பொருத்திய பொம்மையைக் கையால் அசைத்து, அந்த அசைவைக் கணினிக்குள் செலுத்தும் கருவி ஒன்றும் அதற்காக உருவானது. கணினியில் பிறந்த உருவங்களுக்குள் பழைய பொம்மலாட்டக்காரரின் கை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அவை நடக்கும்போது எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுவதை நீங்கள் வேறு விதமாகப் பார்ப்பீர்கள். முரன், வின்ஸ்டன், டிப்பெட், லான்டியேரி ஆகிய நால்வரும் சேர்ந்தே அடுத்த ஆண்டு ஆஸ்கரைப் பெற்றார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை

அதே மழைக்காட்சியை இன்னொரு முறை ஓடவிட்டு, இப்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முதலில் தெரியவருவது, அங்கே இசையே இல்லை என்பது. ஜான் வில்லியம்ஸ் போன்ற ஓர் இசையமைப்பாளரைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தின் மிகப் பெரிய காட்சியில் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். மழை, கம்பி அறுபடும் ஓசை, தகரம் நசுங்கும் ஓசை, குழந்தைகளின் அலறல், இவற்றுக்கு மேலே அந்தக் கர்ஜனை. அவ்வளவுதான்.

அந்தக் கர்ஜனை ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராம் கலந்து செய்தது. யானைக்குட்டியின் பிளிறல், புலியின் உறுமல், முதலையின் அடித்தொண்டை ஓசை ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். டி-ரெக்ஸின் மூச்சுக்குத் திமிங்கிலம் உதவியது. பிராக்கியோசாரஸின் பாட்டு, வேகம் குறைக்கப்பட்ட கழுதைக் கத்தல். ராப்டர்கள் ஒன்றையொன்று அழைத்துக்கொள்ளும் குரைப்பு, ஆமைகள் இணைசேரும்போது பதிவுசெய்த ஓசை என்பதைக் குழந்தைகளோடு பார்க்கும்போது சொல்லாமல் விடுவது உங்கள் விருப்பம். டி-ரெக்ஸ் இரையை வாயில் கவ்வி உதறும் ஓசைக்கு ரைட்ஸ்ட்ராமின் சிறிய நாய் கயிற்றுப் பொம்மையோடு விளையாடியது பயன்பட்டது. இவற்றையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் அந்தக் கர்ஜனை பயமுறுத்துகிறதா என்று பாருங்கள். என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

அறிவியலை எப்படிச் சரிபார்ப்பது

படத்தின் அறிவியல் தவறுகளைப் பட்டியலிடுவது எளிது. இணையம் முழுக்க அந்தப் பட்டியல்கள்தான். அதைவிட, ஒவ்வொரு தவறையும் எடுத்துக்கொண்டு, அது 1993-இல் தெரிந்திருந்தும் செய்ததா, அன்றைக்கு யாருக்கும் தெரியாததா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உண்மையான சுவாரசியம் இருக்கிறது.

வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவுள்ள விலங்கு, மங்கோலியாவில் கிடைத்தது. படத்தில் வருவது வட அமெரிக்காவின் டைனோனிகஸை ஒட்டிய, அதையும்விடப் பெரிதாக்கப்பட்ட உருவம். இது தெரிந்தே செய்தது. டைலோஃபோசாரஸ் விஷம் துப்பியதற்கோ கழுத்தில் விசிறி விரித்ததற்கோ எந்தச் சான்றும் இல்லை. அதன் உண்மையான உருவமும் படத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. இதுவும் கதைக்காகச் செய்தது. அசையாமல் நின்றால் டி-ரெக்ஸுக்குக் கண் தெரியாது என்பதும் அப்படியே. இரு கண்களும் முன்னோக்கி அமைந்த அந்த வேட்டை விலங்கின் பார்வை மிகக் கூர்மையானது. பெயரில் ஜுராசிக் இருந்தாலும் டி-ரெக்ஸ், ட்ரைசெராடாப்ஸ், வெலாசிராப்டர் மூன்றும் அதற்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்தைச் சேர்ந்தவை.

இறகு விஷயம் வேறு வகை. சீனாவில் சைனோசாராப்டெரிக்ஸின் இறகுப் படிவம் வெளியுலகுக்குத் தெரியவந்ததே 1996-இல்தான். வெலாசிராப்டரின் கையெலும்பில் இறகு பொருந்தியிருந்த முடிச்சுகள் 2007-இல்தான் அறிவிக்கப்பட்டன. எனவே, தோல் வழுவழுப்பாக இருப்பதற்காகப் படத்தைத் திட்டுவது, நேற்றைய மனிதரை இன்றைய செய்தித்தாளைப் படிக்கவில்லையே என்று திட்டுவதற்கு ஒப்பானது. அம்பரில், அதாவது கல்லாகிப்போன மரப்பிசினில், சிக்கிய கொசுவின் வயிற்றிலிருந்து டைனோசர் டிஎன்ஏ எடுப்பதும் அப்படித்தான். அன்று அது தொலைதூரச் சாத்தியமாகவாவது பேசப்பட்டது. நியூசிலாந்தின் அழிந்துபோன மோவா பறவைகளின் எலும்புகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஆய்வு, அவற்றில் டிஎன்ஏவின் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 521 ஆண்டுகள் என்று கணக்கிட்டது. கடைசி டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்னும்போது மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

படம் சரியாகச் செய்தவற்றையும் தேடுங்கள். அதற்கு முந்தைய படங்களில் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு சோம்பலாக நடந்த பல்லிகளுக்குப் பதிலாக, முதுகைத் தரைக்கு இணையாக வைத்துக்கொண்டு வாலைத் தூக்கி ஓடும் சுறுசுறுப்பான விலங்குகளை இந்தப் படம்தான் உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1960-களில் தொல்லுயிர் ஆய்வாளர் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸை ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த பார்வை அது. சமையலறைக் காட்சியின் தொடக்கத்தில், கதவின் வட்டக் கண்ணாடியில் ராப்டர் மூச்சுவிட, கண்ணாடி ஆவி படிந்து மங்குகிறது. முதலில் திட்டமிட்டபடி பாம்புபோல நாக்கை நீட்டும் யோசனையை, ஆலோசகராக இருந்த தொல்லுயிர் ஆய்வாளர் ஜாக் ஹார்னர் ஒப்புக்கொள்ளவில்லை. அதன் இடத்தில் வந்த மூச்சு, இது வெதுவெதுப்பான ரத்தம் ஓடும் விலங்கு என்பதை ஒரே நொடியில் சொல்லிவிடுகிறது. படத்தில் அறிவியல் திறமையாக நுழைந்த இடம் எதுவென்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கணினித் திரையைப் பார்த்து அந்தச் சிறுமி ‘இது யூனிக்ஸ், எனக்குத் தெரியும்’ என்று சொல்லும் இடத்தில் கணினித் துறையில் வேலை பார்க்கிறவர்கள் சிரிப்பது வழக்கம். ஆனால் அவள் முன்னால் இருக்கும் முப்பரிமாணத் திரை சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் உண்மையில் வெளியிட்ட மென்பொருள். அதே நிறுவனத்தின் கணினிகளில்தான் டைனோசர்களும் உருவாயின.

இப்போது கண்ணுக்குத் தெரியும் மனிதர்கள்

சிறுவயதில் மனிதர்களை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். டைனோசர் வருவதற்கு முன் பேசித் தொலைக்கிறவர்கள், அவ்வளவுதான். மறுபார்வையில் மிக அதிகமாகக் கிடைப்பது இவர்களிடம்தான்.

பூங்காவின் உரிமையாளர் ஹேமண்டிலிருந்து தொடங்குங்கள். அவராக நடித்தவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. 1982-இல் ‘காந்தி’யை இயக்கிய அதே மனிதர், பல ஆண்டுகளாக நடிப்பை விட்டிருந்தவர், ஸ்பீல்பெர்க்குக்காக மீண்டும் வந்தார். மைக்கேல் கிரைட்டனின் 1990-ஆம் ஆண்டு நாவலில் ஹேமண்ட் இரக்கமற்ற வியாபாரி. படத்தில் வெள்ளைத்தாடித் தாத்தா. எந்தச் செலவுக்கும் அஞ்சவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வதை இந்த முறை எண்ணிக்கொண்டே வாருங்கள். உணவுக்கும் குரலுக்கும் காருக்கும் அஞ்சாமல் செலவழித்தவர், முழுப் பூங்காவையும் இயக்கும் மென்பொருளை ஒற்றை ஆளான நெட்ரியிடம் ஒப்படைத்துவிட்டு அவனோடு கூலியில் தகராறு செய்கிறார். சிறுவயதில் நெட்ரி வெறும் வில்லன். சம்பளம் வாங்கி வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு, கூலித் தகராறு பற்றி அவன் பேசும் அந்தச் சில வரிகள் வேறு விதமாகக் கேட்கும். அவன் செய்ததை அது நியாயமாக்கிவிடவில்லை என்றாலும்.

உருகும் ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டே ஹேமண்ட் தன் பழைய தெள்ளுப்பூச்சி சர்க்கஸைப் பற்றி எல்லியிடம் பேசும் காட்சியைச் சிறுவயதில் நீங்கள் நிச்சயம் கவனித்திருக்க மாட்டீர்கள். பூச்சியே இல்லாத அந்த சர்க்கஸில் குழந்தைகள் பூச்சியைப் பார்த்ததாகச் சொல்வார்களாம். தொட்டுப் பார்க்கக்கூடிய உண்மையான ஒன்றைக் காட்ட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாராம். இதைப் படத்தின் இயக்குநரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குச் சற்று முன், பூங்காவின் முத்திரை பொறித்த சட்டைகளும் பொம்மைகளும் அடுக்கிய கடையின்மேல் கேமரா ஊர்ந்து செல்கிறது. அதே முத்திரையோடு பொம்மைகள் அன்று உண்மைக் கடைகளிலும் விற்றுக்கொண்டிருந்தன. படம் தன்னையே கேலி செய்துகொள்கிறதா, விளம்பரம் செய்துகொள்கிறதா என்று கேட்டால், இரண்டும்தான்.

கிராண்டின் பாதையையும் தொடருங்கள். ஹெலிகாப்டரில் இருக்கைப் பட்டையின் இரண்டு முனைகளும் ‘பெண்’ முனை எனப்படும் ஒரே வகையாக, கொக்கி மாட்ட முடியாதபடி அமைந்துவிட, அவர் இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கட்டிக்கொள்கிறார். எல்லா விலங்குகளும் பெண்ணாக இருந்தும் முட்டைகள் வரப்போகும் கதைக்கு இது முன்குறிப்பு என்பதைப் பல ரசிகர்கள் கவனித்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கண்டாலே எரிந்து விழுந்தவர், திரும்பும் ஹெலிகாப்டரில் இரு குழந்தைகளும் தன்மேல் சாய்ந்து தூங்க, அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

குறைகளை மறைக்க வேண்டாம்

பிடித்த படம் என்பதற்காக எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கத் தேவையில்லை. டி-ரெக்ஸ் வேலியைத் தாண்டிச் சாலைக்குச் சமதளத்திலிருந்து நடந்து வருகிறது. சில நிமிடங்களில் அதே பக்கத்தில் பெரும் பள்ளம் தோன்றி, கார் அதில் விழுகிறது. ஒவ்வொரு காலடிக்கும் தண்ணீரை நடுங்க வைத்த அதே விலங்கு, இறுதிக் காட்சியில் கட்டடத்துக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் நுழைந்துவிடுகிறது. நோயுற்ற ட்ரைசெராடாப்ஸுக்கு என்ன ஆயிற்று என்று எல்லி சாணக் குவியலில் கைவிட்டுத் தேடியும் படம் கடைசிவரை சொல்வதில்லை. நாவலில் அதற்கு விளக்கம் உண்டு. வழக்கறிஞர் பாத்திரம் தின்னப்படுவதற்காகவே எழுதப்பட்டது. சமையலறையில் ராப்டர் நுழையும்போது அதன் வாலைப் பின்னாலிருந்து ஒரு மனிதக் கை பிடித்துச் சரிசெய்வது ஒரு கணம் தெரிகிறது. தேடிப் பிடித்தால் அதுவும் ஒரு மகிழ்ச்சிதான். இவற்றில் எது உங்களுக்குப் படத்தைக் குலைக்கிறது, எது குலைக்கவில்லை என்று பார்ப்பது நல்ல பயிற்சி. பள்ளம் எங்கிருந்து வந்தது என்று முதல் பார்வையில் கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை என்பதே, அந்தக் காட்சியின் வேகம் எவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும்.

வீட்டுப் பிள்ளைகளோடு பார்ப்பதானால்

உங்களுக்குப் பிடித்ததே அவர்களுக்கும் பிடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்துவிடுங்கள். இன்றைய குழந்தைகள் கணினி விலங்குகளோடேயே வளர்கிறார்கள். பிராக்கியோசாரஸைக் கண்டு அவர்கள் வாய் பிளக்கப் போவதில்லை. ஆனால் தண்ணீர்க் குவளைக் காட்சியில் அவர்களும் கப்சிப்பென்று ஆகிவிடுவதைப் பார்க்கலாம். ‘இதோ இப்ப வரும் பாரு’ என்று முன்கூட்டிச் சொல்லி அந்தக் காத்திருப்பைக் கெடுத்துவிடாதீர்கள். துண்டான கை எல்லியின் தோளில் விழும் இடமும் தொடக்கக் காட்சியும் சின்னக் குழந்தைகளுக்கு உண்மையிலேயே அதிகம்; அவர்களுக்குப் பகலில், ஒலியைச் சற்றுக் குறைத்துப் போட்டுக்காட்டுவது நல்லது. படம் முடிந்ததும் ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் கிதாரோ வீணையோ இருந்தால் அந்த வட்ட அலையை வரவழைக்க முயன்று பாருங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.

அதன் பிறகு நாவலைப் படிக்கலாம். படத்தோடு ஒப்பிட்டு, ஸ்பீல்பெர்க்கும் திரைக்கதையில் கைகொடுத்த டேவிட் கெப்பும் எதை வெட்டினார்கள் என்று பார்க்கலாம். 1933-இன் ‘கிங் காங்’கைப் பார்த்தால், டிப்பெட் எந்த மரபிலிருந்து வந்தார் என்பது விளங்கும். ஸ்பீல்பெர்க்கின் 1975-ஆம் ஆண்டுப் படமான ‘ஜாஸ்’, இயந்திரச் சுறா சரியாக வேலை செய்யாததால் அதைக் காட்டாமலே பயமுறுத்தக் கற்றுக்கொண்ட கதை. மழைக்காட்சியின் வேர் அங்கே இருக்கிறது. திரையை விட்டு வெளியே வர விரும்புகிறவர்களுக்கு அரியலூர் வட்டாரம் பக்கத்திலேயே இருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியாக இருந்த அந்த மண்ணில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் தோண்டத் தோண்ட, சுருள் ஓடுள்ள பழங்கடல் உயிர்களான அம்மோனைட்டுகளின் படிவங்கள் கிடைக்கின்றன. கல்லமேடு அருகே கிடைத்த மாபெரும் எலும்புகளை வைத்து 1980-களில் புருகத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயரும் வைத்தார்கள். அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் சிதைந்துபோய்விட்டன. அரியலூருக்கு அருகில் வாரணவாசியில் உள்ள அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தில், அந்தக் கடலில் வாழ்ந்த மற்ற உயிர்களின் படிவங்களைப் பார்க்கலாம். போகும்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள்.